ரவிராஜ் பேசிய சிங்களம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 2026 நவம்பர் 10 வந்தால் யாழ்ப்பாணப் பாராளுமன்ற உறுப்பினர் நடராஜா ரவிராஜ் சுட்டுக் கொல்லப்பட்டு 20 வருடம். ஒவ்வொரு நவம்பரிலும் தமிழ்ப் பத்திரிகைகளில் அவருடைய சிரித்த முகப் படம் ஒன்று வரும், அதன் கீழே எங்கே சுட்டார்கள், எத்தனை மணிக்குச் சுட்டார்கள், வழக்கு என்ன ஆனது என்று சில வரிகள் வரும். நானும் வாசிப்பேன். வாசித்து முடித்ததும் ஒவ்வொரு வருடமும் ஏதோ ஒரு குறை மனதில் நிற்கும். அது என்னவென்று எனக்கே பிடிபட்டது சில வாரங்களுக்கு முன்னர்தான். எங்கள் அலுவலகத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து வேலைக்குச் சேர்ந்திருக்கும் ஒரு தம்பி, கெட்டிக்காரப் பிள்ளை, சாப்பாட்டு நேரத்தில் பேச்சு வந்தபோது, "ரவிராஜ் எண்டால் அந்தக் கேஸில வாறவர்தானே அண்ணை?" என்று கேட்டார். அவர் மேல் பிழை இல்லை. அந்த மரணம் நடக்கும்போது அவர் குழந்தை. அவர் வளர்ந்த காலத்தில் ரவிராஜ் என்ற பெயர் நீதிமன்றச் செய்தியில் மட்டும்தான் வந்தது. நாங்கள்தான் அவரை ஒரு வழக்கு இலக்கமாகச் சுருக்கிக் கொடுத்திருக்கிறோம்.

அதனால் இந்தக் கடிதத்தில் அவர் இறந்ததைக் கொஞ்சமாகவும், இருந்ததைக் கொஞ்சம் கூடுதலாகவும் எழுதப் போகிறேன். கடைசியில் ஒரு வேண்டுகோளும் உண்டு.

ரவிராஜ் தென்மராட்சிக்காரர், சாவகச்சேரி. 1962 இல் பிறந்தவர், சட்டத்தரணி. 1998 ஜனவரியில் நடந்த உள்ளூராட்சித் தேர்தலில் தமிழர் விடுதலைக் கூட்டணியில் யாழ்ப்பாண மாநகர சபைக்குப் போனார், அதே வருடம் பிரதி மேயரானார், 2001 இல் மேயர். இப்படி வரிசையாக எழுதினால் யாருடைய வாழ்க்கைக் குறிப்பும் போலத்தான் இருக்கும், ஆனால் அந்த 1998 எப்படிப்பட்ட வருடம் என்று தெரிந்தவர்களுக்கு இது வேறு மாதிரிப் படும். அந்த வருடம் மே மாதம் மேயர் சரோஜினி யோகேஸ்வரனைச் சுட்டார்கள். அவருக்குப் பின் மேயராக வந்த பொன் சிவபாலன் செப்டெம்பரில் குண்டு வெடித்து இறந்தார். ஒரே வருடத்தில் இரண்டு மேயர்கள். அதற்கு முன்னர் 1975 இல் அல்பிரட் துரையப்பா. அந்தச் சபையில் உறுப்பினராக இருப்பதென்றால் வீட்டில் மனைவி பிள்ளைகளுக்கு என்ன சொல்லிவிட்டுக் காலையில் வெளிக்கிடுவது? குப்பை அள்ளுவது, தண்ணீர், சந்தை வரி, தெருவிளக்கு என்று ஒரு மாநகர சபை பார்க்கிற வேலைகளுக்காக ஆட்கள் உயிரைக் கொடுத்த காலம் அது. சபையின் பழைய கட்டடமே யுத்தத்தில் போய், வேறு இடத்தில் இருந்துதான் வேலை நடந்தது. அந்தக் கதிரைக்கு 40 வயதாகும் முன்னரே ரவிராஜ் வந்து உட்கார்ந்தார். பாராளுமன்றத்துக்குப் போன பிறகு செய்தவற்றை எல்லோரும் சொல்வார்கள், எனக்கு இதுவும் அதற்குக் குறைந்ததாகத் தெரியவில்லை.

2001 டிசம்பரில் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பில் பாராளுமன்ற உறுப்பினரானார், 2004 இல் திரும்பவும் வந்தார். அவருடைய சாவகச்சேரி 2000 ஆம் ஆண்டுச் சண்டையில் தரைமட்டமாகிப் போயிருந்தது. சந்தை இல்லை, கடைத்தெரு இல்லை, சனம் இடம்பெயர்ந்து போய்க் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்துகொண்டிருந்த நேரம். அந்த ஊரின் பிள்ளையாகத்தான் அவர் கொழும்புக்கு வந்தார், வந்து இங்கே எங்களுக்கும் ஆளானார்.

இனி நான் உண்மையில் சொல்ல வந்தது.

அந்தக் காலத்தில் கொழும்புத் தமிழர் சிங்களம் பேசிய விதத்தை இளம் பிள்ளைகளுக்கு எப்படி விளங்கப்படுத்துவது என்று எனக்குத் தெரியவில்லை, இருந்தாலும் முயற்சி செய்கிறேன். 2006 இல் எனக்கு 24 வயது. வெள்ளவத்தையில் ஒரு வீட்டின் பின்பக்க அனெக்ஸில் அம்மாவும் நானும் வாடகைக்கு இருந்தோம். அம்மாவுக்குத் தெரிந்த சிங்களம் பத்துப் பதினைந்து சொற்கள், அத்தனையும் சோதனைச் சாவடிக்கும் பொலிஸ் பதிவுக்கும் தேவையான சொற்கள். அடையாள அட்டை, ஊர், எதற்கு வந்தாய், எப்போது போவாய். எனக்கு அதைவிடக் கொஞ்சம் நன்றாக வரும், ஆனால் நானும் சிங்களத்தைப் பேசியது பதில் சொல்வதற்கு மட்டும்தான். அவர்கள் கேட்பார்கள், நாங்கள் சொல்வோம். சொல்லும்போது குரல் தானாகவே இறங்கிவிடும், ஒவ்வொரு வசனத்துக்கும் பின்னால் ஒரு "சேர்" வந்து ஒட்டிக்கொள்ளும். பஸ்ஸில் கைத்தொலைபேசி அடித்தால் தமிழில் கதைக்கப் பயந்து எடுக்காமல் விடுவோம். நான் மட்டுமில்லை, எனக்குத் தெரிந்த எல்லோரும் அப்படித்தான் இருந்தோம்.

அப்படி இருந்த நேரத்தில்தான் இரவில் சிங்கள அலைவரிசைகளின் அரசியல் விவாதங்களில் ரவிராஜ் வந்து உட்காருவார். எதிரே இரண்டு மூன்று பேர், நடத்துகிறவரும் அனேகமாக அவர்கள் பக்கம். இவர் ஒருவர். சிங்களத்தில் சரளமாக, அவசரப்படாமல், சிரித்த முகம் மாறாமல் பேசுவார். எனக்குப் பாதிதான் விளங்கும். ஆனால் விளங்காத பாதியிலும் ஒன்று விளங்கியது: இந்த மனிதர் பதில் மட்டும் சொல்லவில்லை, திருப்பிக் கேள்வி கேட்கிறார். சிங்களத்தில், சிங்கள மக்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போது, ஒரு தமிழர் கேள்வி கேட்கிறார். குரல் இறங்கவில்லை. கோபமும் இல்லை. அம்மாவுக்கு ஒரு சொல்லும் விளங்காது, இருந்தாலும் நிகழ்ச்சி முடியும் வரை எழும்ப மாட்டா. "நல்லாத்தான் குடுக்கிறார் போல" என்பா.

எங்கள் வீட்டுக்காரர் ஒரு சிங்கள அம்மையார், ஓய்வுபெற்ற ஆசிரியை. நல்லவர், ஆனால் பேப்பரில் என்ன வந்தாலும் அப்படியே நம்புகிறவர். ஒரு நாள் விவாதம் முடிந்த அடுத்த காலை, நான் குழாயடியில் நிற்கும்போது வந்து, நேற்றுப் பேசிய அந்த யாழ்ப்பாணத்து மாத்தயா (ஐயா) சொன்னது உண்மையா, யாழ்ப்பாணத்தில் இப்போது சீனி அந்த விலையா விற்கிறது என்று கேட்டார். 2006 ஓகஸ்டில் முகமாலையில் பாதையை மூடிய பிறகு, தரைவழியான ஏ9 வீதி இல்லாமல் குடாநாடு கப்பலை நம்பிக் கிடந்த நேரம் அது. நான் ஓம் என்றேன், எங்கள் பெரியம்மா வீட்டில் என்ன நிலைமை என்றும் சொன்னேன். அன்றுதான் அந்த வீட்டில் நாங்கள் இருந்த நாலு வருடத்தில் முதல் தடவையாக நான் அவருக்கு எங்கள் ஊரைப் பற்றிச் சொன்னது. சிங்களத்தில்தான் சொன்னேன். பிழை பிழையாகச் சொன்னேன். "சேர்" போடவில்லை, போடவும் தேவைப்படவில்லை. அந்தக் கதவை எனக்குத் திறந்து தந்தது முதல்நாள் இரவு ரவிராஜ் பேசிய பேச்சு. அவருக்கு இது தெரிந்திருக்க வழியே இல்லை, நான் அவரை நேரில் ஒரு நாளும் சந்தித்ததில்லை. ஆனால் இப்படி எத்தனை வீடுகளில் எத்தனை குழாயடிகளில் நடந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

அந்த வருடம் கொழும்பில் வெள்ளை வான்களில் வந்து ஆட்களைக் கடத்திய காலம். கொட்டாஞ்சேனை, பம்பலப்பிட்டி, வெள்ளவத்தை, எங்கேயும் யாரும் காணாமல் போகலாம். கப்பம் கேட்டும் கடத்தினார்கள், கேட்காமலும் கடத்தினார்கள். பொலிஸில் முறைப்பாடு கொடுக்கவே பயம். அப்போது கொழும்பு எம்.பி. மனோ கணேசன், ரவிராஜ், இடதுசாரித் தலைவர்களான விக்கிரமபாகு கருணாரத்ன, சிறிதுங்க ஜயசூரிய ஆகியோர் சேர்ந்து மக்கள் கண்காணிப்புக் குழுவை அமைத்தார்கள். காணாமல் போனவர்களின் பெயர், திகதி, இடம், எல்லாவற்றையும் எழுதிப் பதிவு செய்து ஊடகங்களுக்கு முன்னால் வைக்கிற வேலை. கேட்பதற்குச் சின்ன விஷயம் போல இருக்கும். ஆனால் ஒரு தாய் தன் மகனின் படத்தைக் கொண்டுவந்து நீட்டும்போது அதை வாங்கி, பெயரை எழுதி, நாளைக்கு இதைப் பகிரங்கமாகச் சொல்கிறேன் என்று சொல்லக்கூடிய ஆள் அன்றைய கொழும்பில் எத்தனை பேர்? அந்தக் குழுவில் இரண்டு சிங்களவர் இருந்ததையும் எங்கள் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்.

2006 நவம்பர் 8 ஆம் திகதி வாகரைப் பக்கம் கதிரவெளியில், இடம்பெயர்ந்த சனம் தங்கியிருந்த பாடசாலையில் எறிகணைகள் விழுந்து 40 பேருக்கு மேல் இறந்தார்கள். மறுநாள் 9 ஆம் திகதி கொழும்பில் ஐ.நா. அலுவலகத்துக்கு முன்னால் கூட்டமைப்பு எம்.பி.க்கள் ஆர்ப்பாட்டம் செய்தார்கள், ரவிராஜும் நின்றார். அதற்கு அடுத்த நாள், 10 ஆம் திகதி வெள்ளிக்கிழமை காலை, நாரஹேன்பிட்டி மனிங் டவுனில் அவருடைய வீட்டுக்குக் கிட்ட வாகனத்தில் போகும்போது மோட்டார் சைக்கிளில் வந்தவர்கள் சுட்டார்கள். 44 வயது. இரண்டு சின்னப் பிள்ளைகள்.

அவரோடு சேர்ந்து இன்னொருவரும் இறந்தார். அவருடைய மெய்ப்பாதுகாவலர், பொலிஸ் சார்ஜன்ட் லக்ஷ்மன் லொக்குவெல்ல. சிங்களவர். அநேகமான அஞ்சலிக் குறிப்புகளில் இவர் "பாதுகாவலரும்" என்ற ஒரு சொல்லாக முடிந்துவிடுகிறார், பெயரே வருவதில்லை. ஒரு தமிழ் எம்.பி.யின் பக்கத்தில் தினமும் இருந்து, அதே காலையில் அதே துப்பாக்கிக்கு இரையானவர் அவர். இந்த வருடம் படம் போடும்போது இரண்டு படமாகப் போடுங்கள் என்று உங்களைக் கேட்கிறேன். படம் கிடைக்காவிட்டால் பெயரையாவது.

செய்தி வந்தபோது நான் அலுவலகத்தில் இருந்தேன். அங்கே தமிழர் நாங்கள் மூன்று பேர். மூவரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் வேலை செய்ததுதான் நினைவிருக்கிறது. பின்னேரம் வீட்டுக்கு வந்தால் வாசலில் வீட்டுக்கார அம்மையார் நிற்கிறார். "அந்த மாத்தயாவைக் கொன்றுவிட்டார்களே மகன்" என்று சிங்களத்தில் சொல்லிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அம்மா உள்ளே இருந்து வந்து என்னவென்று கேட்காமலே அவரோடு சேர்ந்து அழுதா. இரண்டு பேருக்கும் பொது மொழி கிடையாது. பிறகு அவருடைய பூதவுடலைச் சுமந்துகொண்டு கொழும்பு வீதியில் ஆயிரக்கணக்கான சனம் போனதே, அதில் சிங்களவர் நிறையப் பேர் இருந்தார்கள். ஒரு யாழ்ப்பாண எம்.பி.க்காகச் சிங்களவர் கொழும்பு வீதியில் நடந்தார்கள். நான் போகவில்லை. அம்மா விடவில்லை, நானும் அடம்பிடிக்கவில்லை. இன்றைக்கும் அது எனக்குக் கவலை. போயிருக்க வேண்டும்.

அடுத்த வருடம் ஜூன் 7 ஆம் திகதி கொழும்பு லொட்ஜுகளில் இருந்த தமிழர் 376 பேரைப் பஸ்களில் ஏற்றி ஊருக்கு அனுப்பினார்களே, உயர் நீதிமன்றம் தலையிட்டுத் தடுத்ததே, அன்றிரவு செய்தி பார்த்துக்கொண்டிருந்த அம்மா சொன்னது: "ரவிராஜ் இருந்திருந்தா இப்ப ரிவியில வந்திருப்பார்." அந்த நேரத்தில் சிங்கள மக்களுக்கு அவர்களுடைய மொழியில் இதைக் கேட்க ஆள் குறைந்துபோனதை அம்மா அப்படித்தான் சொன்னா.

வழக்கைப் பற்றியும் எழுதாமல் விட முடியாது, ஆனால் சுருக்கமாக முடிக்கிறேன். பத்து வருடம் இழுபட்டு, கொழும்பு மேல் நீதிமன்றத்தில் சிங்களம் பேசும் ஜூரி சபைக்கு முன்னால் விசாரணை நடந்து, 2016 டிசம்பர் 24 ஆம் திகதி அதிகாலை, நத்தாருக்கு முதல் நாள், குற்றஞ்சாட்டப்பட்டிருந்த ஐந்து பேரும் விடுவிக்கப்பட்டார்கள். கடற்படைப் புலனாய்வைச் சேர்ந்தவர்களும் அவர்களில் இருந்தார்கள். மேன்முறையீடு செய்யப்பட்டது. சட்டத்தைப் பற்றிச் சட்டத்தரணிகள் பேசட்டும். எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: பட்டப்பகலில், தலைநகரில், ஒரு பாராளுமன்ற உறுப்பினரையும் ஒரு பொலிஸ் சார்ஜன்ட்டையும் கொன்றதற்கு இருபது வருடம் ஆகியும் ஒருவரும் தண்டனை அனுபவிக்கவில்லை. சார்ஜன்ட்டின் குடும்பத்துக்கும் அதே அநியாயம்தான்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ரவிராஜைப் பற்றிச் சிங்கள நண்பர்களிடம் சொன்னால் சிலர் உடனே, அவருக்குப் புலிகள் மாமனிதர் பட்டம் கொடுத்தார்களே என்பார்கள். ஓம், கொடுத்தார்கள். 2004 தேர்தலில் புலிகளைத் தமிழரின் ஏகப் பிரதிநிதிகள் என்று ஏற்றுக்கொண்ட கட்சியில்தான் அவர் நின்றார். எங்கள் ஆட்கள் சிலர் மறுபக்கத்தில் இருந்து, சிங்களவரோடு கதைத்து என்ன கண்டார் என்று கேட்பார்கள். இரண்டு கேள்விக்கும் நான் சொல்வது அவருடைய பேச்சைத்தான். அவர் எந்த மேடையில் நின்றார் என்பதை வைத்து மட்டும் அவரை அளக்காதீர்கள், அந்த மேடையிலிருந்து என்ன சொன்னார், யாருக்குச் சொன்னார், எப்படிச் சொன்னார் என்பதைக் கேளுங்கள். அந்தக் காலத்தில் பேசியதற்காகவே தமிழ் அரசியல்வாதிகள் எல்லாப் பக்கத்தாலும் கொல்லப்பட்டார்கள். நீலன் திருச்செல்வத்தை 1999 ஜூலையில் இதே கொழும்பில் கின்ஸி டெரஸில் தற்கொலைக் குண்டுதாரியை அனுப்பிக் கொன்றது புலிகள். ஜோசப் பரராஜசிங்கத்தை 2005 இல் மட்டக்களப்பில் நத்தார் நள்ளிரவு ஆராதனையில் கொன்றார்கள். மகேஸ்வரனை 2008 புத்தாண்டு தினத்தில் கொட்டாஞ்சேனை பொன்னம்பலவாணேஸ்வரர் கோயிலில் சுட்டார்கள். ஒரு பக்கத்துக் கொலைக்கு மட்டும் அழுகிற பழக்கம் எங்களுக்கு வேண்டாம்.

சரி, வேண்டுகோளுக்கு வருகிறேன்.

ரவிராஜ் பாராளுமன்றத்தில் 2001 முதல் 2006 வரை பேசியவை பாராளுமன்றப் பதிவேடான ஹன்சார்டில் இருக்கின்றன, அவை அழியாது. ஆனால் தொலைக்காட்சியில் சிங்களத்தில் பேசியவை எங்கே? அலைவரிசைகளின் களஞ்சியங்களில் சில இருக்கலாம், சிலருடைய வீடுகளில் வீடியோ கசெட்டாகப் பூஞ்சணம் பிடித்துக் கிடக்கலாம். அந்தக் காலத்தில் கசெட்டில் பதிந்து வைக்கிறவர்கள் இருந்தார்கள். உங்கள் பத்திரிகை ஒரு அறிவித்தல் போட்டால் போதும்: யாரிடம் ரவிராஜின் பேச்சு ஒலியாகவோ ஒளியாகவோ இருக்கிறதோ அவர்கள் தாருங்கள், பிரதி எடுத்துவிட்டுத் திருப்பித் தருகிறோம் என்று. கிடைப்பதைத் தமிழில் எழுத்தாக்கி, சிங்கள மூலத்தோடு பக்கத்துக்குப் பக்கம் அச்சிட்டால் அதைவிட நல்ல அஞ்சலி வேறு இல்லை. இங்கே கொழும்புப் பாடசாலைகளில் எங்கள் பிள்ளைகள் சிங்களம் இரண்டாம் மொழியாகப் படிக்கிறார்கள், பரீட்சைக்குப் படிக்கிறார்கள், கடைக்குப் போனால் பேசுகிறார்கள். ஒரு தமிழர் அந்த மொழியில் தன் சனத்துக்காக நிமிர்ந்து நின்று எப்படி வாதாடினார் என்று அவர்கள் வாசிக்கட்டும். சிங்களப் பிள்ளைகளும் வாசிக்கட்டும். தட்டச்சு வேலையில் நான் உதவுவேன். சனி, ஞாயிறு முழுவதும் தரலாம். அலுவலகத்துத் தம்பியும் வருகிறேன் என்றிருக்கிறார், அவருடைய சிங்களம் என்னுடையதைவிட எவ்வளவோ திறம்.

எங்கள் வீட்டிலும் ஒரு பிஸ்கட் டின் நிறையப் பத்திரிகை நறுக்குகள் இருந்தன. அவர் பேசிய கூட்டங்கள், அறிக்கைகள், கண்காணிப்புக் குழு வெளியிட்ட பெயர் விபரங்கள், எல்லாம் நான் வெட்டி வைத்தவை. 2006 டிசம்பரில் எங்கள் ஒழுங்கையில் சுற்றிவளைப்பு என்று கேள்விப்பட்டதும் அம்மா அவற்றைக் குசினி அடுப்பில் போட்டு எரித்துவிட்டா. அப்போது அதுதான் சரி, அவவில் குறை இல்லை. ஆனால் ஒரேயொரு நறுக்கு தப்பியது. வீட்டுக்கார அம்மையார் தன்னுடைய சிங்களப் பேப்பரில் வந்த அவருடைய நேர்காணல் ஒன்றைத் தானே வெட்டி வைத்திருந்தார். அம்மா 2011 இல் காலமான பிறகு, நாங்கள் அந்த வீட்டைவிட்டு வெளிக்கிடும்போது என் கையில் தந்தார். ஓரங்கள் பழுப்பாகிவிட்டன, எழுத்து இன்னும் தெளிவாக இருக்கிறது. அதன் பிரதியை இந்தக் கடிதத்தோடு இணைத்திருக்கிறேன். தொகுப்புக்கு முதலாவதாக இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நீண்டகால வாசகன்,
வெள்ளவத்தை, கொழும்பு 6.